உராய்வின் ஊருக்கு ஒரு சாலை

மதுரையைத் தாண்டித் தெற்கே இறங்கும் நான்கு வழிச்சாலையில் ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் கார், பாதித் தூரத்துக்கு மேல் கிளட்சுக்கு வேலையே வைப்பதில்லை. திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், ஆர்.ஆர்.நகர் சிமென்ட் ஆலை என ஊர்கள் கண்ணாடிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்; கியர் ஐந்திலோ ஆறிலோ நிற்கும்; பிளைவீலும் கிளட்ச் பிளேட்டும் ஒரே இரும்புத் துண்டைப் போல இறுகி ஒன்றாகச் சுழலும். வழுக்கல் இல்லாத இடத்தில் தேய்மானம் இல்லை. கப்பலூரிலும் எட்டூர்வட்டத்திலும் சுங்கச்சாவடி வரிசை நிற்கும்போதுதான் முதல் வேலை வருகிறது. சாத்தூரில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, கரிசல் காட்டுக்குள் 20 கிலோமீட்டருக்குள் ஓடும் சாலையைப் பிடித்த பிறகு, கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. வேகத்தடை, ஆட்டு மந்தை, பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் ஆள் ஏற்றிப் போகும் வேன்கள், சரக்கு ஏற்றித் திரும்பும் லாரிகள், ஊர் முக்கில் குறுக்கே வரும் டிராக்டர். மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர் பயணத்தில் கிளட்ச் தேய்வதெல்லாம் இந்தக் கடைசிச் சிறு பகுதியிலும் அந்த இரண்டு வரிசைகளிலும்தான். வேகம் கிளட்சைத் தின்பதில்லை; மெதுவாகப் போவதுதான் தின்கிறது. வேகத்துக்கென்று கிளட்ச் வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான்.

டர்போ என்ஜின் கார்கள் நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்ட காலம் இது. கணினி மென்பொருளை மாற்றி என்ஜினின் முறுக்குவிசையைக் கூட்டும் ரீமேப் வேலை பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகரங்களுக்கும் பரவியிருக்கிறது. விசை கூடினால் கம்பெனி கிளட்ச் வழுக்கும். அப்போது கடைக்காரர் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று படிப்படியாக அடுக்கிக் காட்டுவார்; மேல் படிதான் உசத்தி என்று வாங்குகிறவருக்குத் தோன்றும். அந்தப் படிகளுக்குப் பொது அளவுகோல் ஏதும் இல்லை. ஒரு கம்பெனியின் இரண்டாம் படி இன்னொன்றின் மூன்றாம் படியாக இருக்கலாம். என் வாதம் எளிமையானது: சாலையில் ஓடும் காருக்கு, என்ஜினின் விசையைத் தாங்குகிற கிளட்சுகளுக்குள் ஆக மென்மையானதைத்தான் எடுக்க வேண்டும். எப்போதாவது ரேஸ் தடத்துக்கு எடுத்துப்போகிற காருக்கும் இதுவே பொருந்தும். கடினமான கிளட்ச் அதற்கென்றே பிறந்த வண்டிக்கு மட்டும்.

கிளட்ச் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது நான்கு எண்களைப் பெருக்கினால் வந்துவிடும்: பிரஷர் பிளேட் அழுத்தும் பலம், லைனிங்கின் உராய்வுக் குணகம், லைனிங் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். அழுத்தம் 6000 நியூட்டன், அதாவது 600 கிலோ எடைக்குச் சற்று மேல். குணகம் 0.3, சராசரி ஆரம் 95 மில்லிமீட்டர், ஒற்றைப் பிளேட் என்பதால் முகங்கள் 2. பெருக்கினால் 342 நியூட்டன் மீட்டர். என்ஜின் தருவது 250 என்றால், கையிருப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கார் கம்பெனிகள் பொதுவாக வைக்கும் கையிருப்பும் ஏறக்குறைய இதுதான். ரீமேப் செய்து அது 320 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 7 சதவீதமாகச் சுருங்கிவிடும்; லைனிங் கொஞ்சம் சூடானாலும் வழுக்கத் தொடங்கும். இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. லைனிங்கை மாற்றி குணகத்தை 0.4 ஆக்கினால் தாங்குதிறன் 456. அதே பழைய லைனிங்கை வைத்துக்கொண்டு பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை மட்டும் 20 சதவீதம் கூட்டினால் 410. கேட்பதற்கு 456 பெரிதாகத் தெரியும். ஆனால் தேவை 320. 410 போதுமானதற்கும் மேல். மிச்சமிருக்கும் 46-ஐ ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை, அதற்கான விலையை மட்டும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்த விலை என்னவென்று அறிய, மதுரையிலிருந்து விருதுநகர் மாவட்டத்துக்குள் நுழையும் இன்னொரு பாதையை, காரியாபட்டி வழியாக வருவதை, நினைத்துப் பார்க்கலாம். சுற்று வழிதான். ஆனால் அந்த வட்டாரத்து முஷ்டக்குறிச்சியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. பிரேக் லைனிங், கிளட்ச் லைனிங் போன்ற உராய்வுப் பொருள்களே அந்த நிறுவனத்தின் தொழில். விருதுநகர் மாவட்டம் என்றால் தீப்பெட்டியும் பட்டாசும்தான் நினைவுக்கு வரும். காரை நிறுத்துவதற்கும் நகர்த்துவதற்கும் வேண்டிய உராய்வும் இதே கரிசல் மண்ணில் ஒரு தொழிலாக இருப்பது வெளியே பேசப்படுவதில்லை. கிளட்ச் லைனிங்கில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஆர்கானிக் எனப்படுவது இழைகளும் பிசினும் நிரப்புப் பொருள்களும் சேர்த்து இறுக்கி வேகவைத்த வளையம். முழு வட்டமாக இருக்கும். பிளைவீலோடு மெல்ல மெல்லச் சேரும். 250 டிகிரியை நெருங்கினால் சோர்ந்து பிடி தளரும், ஆறினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். மற்றது உலோகப் பொடியையும் செராமிக்கையும் சேர்த்துச் சுட்டெடுத்த துண்டுகள். மெக்கானிக்குகள் பட்டன் என்பார்கள். முழு வளையம் கிடையாது. நான்கோ ஆறோ துண்டுகள் பிளேட்டில் பதித்திருக்கும். ஆர்கானிக் கருகிப்போகும் சூட்டையும் தாண்டித் தாங்கும், குணகமும் கூடுதல். இன்னொரு வேறுபாடு கண்ணுக்கு எளிதில் படாது. ஆர்கானிக் பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். பெடலை விடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக் கொடுப்பதால்தான் கார் குலுங்காமல் நகர்கிறது. பட்டன் பிளேட்டுகள் பலவற்றில் இந்தத் தகடு கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். ஆகவே பிடித்தால் முழுப் பிடி, விட்டால் முழு விடுதலை. நடுவில் கால் நிற்க இடமில்லை.

நம் சாலையில் கால் நிற்க வேண்டிய இடமோ அந்த நடுவேதான். ஆஃப் கிளட்ச் என்று எல்லா ஓட்டுநரும் சொல்வது அதைத்தான். என்ஜின் ஐடிலில் ஓடும்போது முதல் கியரில் கார் மணிக்கு ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். எட்டூர்வட்டத்து வரிசையோ தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாத்தூர், சிவகாசிப் பட்டாசுக் கடைகளுக்கு முன்னால் கட்டும் கூட்டமோ அதைவிட மெதுவாக நகரும். அந்த வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் என்ஜின் அணைந்துவிடும். ஆகவே அது வழுக்கியே ஆக வேண்டும்; அதுதான் அதன் அப்போதைய வேலை. வழுக்கும்போது பிறக்கும் சூட்டையும் கணக்கிட முடியும். என்ஜினை ஒரே சுழற்சியில் வைத்துக்கொண்டு நிற்கும் காரைக் கிளப்பினால், கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் கணத்தில் காரிடம் எவ்வளவு இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகக் கழிந்திருக்கும். 1200 கிலோ காரை மணிக்கு 15 கிலோமீட்டர் வரை வழுக்கிக் கொண்டுபோனால் சுமார் 10 கிலோ ஜூல். ரேஸில் கிளப்புவது போல என்ஜினை முறுக்கி 30 கிலோமீட்டர் வரை வழுக்கினால் 40 கிலோ ஜூலுக்கு மேல். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நடுப் பிடி இல்லாத பட்டன் கிளட்ச் போட்டவர், என்ஜின் அணையாமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரைக் கூட்டித்தான் கிளப்ப வேண்டும். அதாவது, சூட்டைத் தாங்க வாங்கிய கிளட்சே தேவையில்லாத சூட்டை உண்டாக்கும் ஓட்டும் முறைக்கு அவரைத் தள்ளுகிறது. சந்தையில் யாரும் வாங்குபவரிடம் சொல்லாத செலவு இது.

ஏழாயிரம்பண்ணை பழைய பாளையம். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களுள் அதுவும் ஒன்று. சாத்தூரில் திரும்பாமல் அதே நெடுஞ்சாலையில் நேராகப் போனால் கோவில்பட்டியைத் தாண்டி அந்தக் கயத்தாறு வரும். இன்றைக்கு ஊரின் பெயர் தீப்பெட்டியோடும் பட்டாசோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த இந்தக் கரிசல் ஊர்களுக்கெல்லாம் சோறு போட்டது. தீக்குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். இரண்டையும் பிரித்து வைத்து, கை உரசும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சேரவிடுவதுதான் பாதுகாப்புத் தீக்குச்சியின் நுட்பம். அது வேலை செய்வதற்குக் காரணம் பரப்பின் சிறுமை. குச்சி முனை மிகச் சிறியது, உரசலின் சூடு முழுக்க ஒரு புள்ளியில் குவிகிறது, குவிந்தால் பற்றிக்கொள்கிறது. தமிழில் பற்றுதலும் பிடித்தலும் கைக்கும் பொருந்தும் நெருப்புக்கும் பொருந்தும். கிளட்சும் பிடிக்க வேண்டியதுதான், ஆனால் நெருப்பு பிடிக்கும் வழியில் பிடிக்கக் கூடாது. அதன் சூடு அகலமாகப் பரவ வேண்டும். முழு வளைய ஆர்கானிக் லைனிங் அதைத்தான் செய்கிறது. ஆறு பட்டன்களோ அதே சூட்டைச் சிறு பரப்பில் குவிக்கின்றன. பட்டனுக்கு ஒன்றும் ஆகாது, அது தாங்கும். எதிரே இருக்கும் பிளைவீலின் வார்ப்பிரும்பு தாங்காது. முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் விழும், பிறகு மயிரிழை விரிசல்கள் ஓடும். பட்டன் கிளட்சோடு நகரத்தில் ஓடிய காரின் பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால் மெக்கானிக் முதலில் தேடுவது அந்த நீலத்தைத்தான்.

உராய்வு என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் வேறு எங்கும் இல்லாத கனம் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து, குறைந்தது 20 உயிர்கள் போயின. அதற்கு முன், 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் அதைவிடப் பெரிய துயரம். இத்தகைய செய்திகளில் மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு காரின் பாகத்தை அந்த இழப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்களின் அன்றாட அறிவு என்னவென்பதைச் சொல்லாமல் இந்த ஊரைக் கடந்துபோகவும் முடியாது: மருந்தைக் கையாள்கிறபோது உரசல் எவ்வளவு என்பதோடு எவ்வளவு திடீரென்று என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். அதனால்தான் அவசரமில்லாத கைகள், தீப்பொறி எழுப்பாத கருவிகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய தனித்தனி அறைகள். காலை ஏழு மணிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேனுக்குப் பின்னால் ஒரு கார் குலுங்கி முன்னே பாயக் கூடாது என்பதும் என் வாதத்தின் ஒரு பகுதி. இந்தச் சாலை முதலில் அவர்களுடையது. மெதுவாக நகரத் தெரியாத கார் இங்கே மற்றவர்களுக்கு ஆபத்து.

சரி, ரேஸ் தடத்துக்கு என்ன? சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் தடம் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில், ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அதைவிடச் சிறியது. இரண்டிலும் கிளட்சின் வேலையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவது பந்தயத்துக்கு ஒருமுறை. அதன் பிறகு ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் நொடியின் சிறு பகுதி மட்டும் கிளட்ச் விலகிச் சேரும். ஓட்டுநர் என்ஜின் சுழற்சியைக் கியருக்குப் பொருத்திவிட்டே பெடலை விடுவதால் அப்போதும் பெரிய வழுக்கல் இல்லை. ஆஃப் கிளட்ச் என்பதே அங்கே கிடையாது. ரேஸ் கிளட்ச் தாங்க வேண்டியது ஒரே ஒரு கொடூரமான கிளம்பலை. சாலைக் கிளட்ச் தாங்க வேண்டியது ஆயிரக்கணக்கான சாதாரணக் கிளம்பல்களை. இரண்டும் வேறு வேறு சோதனைகள், முதலாவதில் தேறியது இரண்டாவதிலும் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. ஃபார்முலா ஒன் கிளட்சைப் பாருங்கள்: கார்பன் தட்டுகள் பல அடுக்கிய அதன் விட்டம் 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அங்கே கிளட்ச் காலுக்குக் கீழே கூட இல்லை, ஸ்டீயரிங்கின் பின்னால் கைவிரலுக்கு இருக்கிறது. அவ்வளவு சிறியதாக இருக்கக் காரணம், எடையும் சுழல் நிலைமமும் குறைய வேண்டும், என்ஜினைத் தாழ்வாகப் பொருத்த வேண்டும் என்பது. அதைக் கொண்டுவந்து சாத்தூர் வேகத்தடைகளில் ஓட்டினால் சில நாளில் தட்டுகள் தீர்ந்துபோகும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப் பாதையில் நடந்த இரவுப் பந்தயத்தை இங்கே யாராவது சொல்லக்கூடும். அது பெயரில்தான் தெரு. தடுப்புக் கட்டி, மற்ற வாகனங்களை நிறுத்தி, அன்றைக்கு அது தடமாகிவிட்டது.

இந்த வாதத்துக்கு எதிராக வரும் கேள்விகளில் கனமானது, நம் ஊர் மெக்கானிக்குகளே கேட்கக்கூடியது: டிராக்டரிலும் கனரக லாரியிலும் பட்டன் பிளேட் ஓடவில்லையா, அதுவும் இதே சாலையில்? ஓடுகிறது. ஆனால் சுமை ஏற்றிய லாரி மிகத் தாழ்ந்த முதல் கியரில், நடக்கும் வேகத்தில் கிளம்புகிறது. அந்த வேகத்திலேயே கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடுவதால் வழுக்க வேண்டிய தூரம் குறைவு. டிராக்டர் இன்னும் மெதுவாக. அவற்றின் பிளைவீலும் கனமானது, சூட்டை விழுங்கிக்கொள்ளும். கிளம்பும்போது வரும் குலுக்கலை அந்த எடையே அமுக்கிவிடும். வேகத்துக்காகச் செய்த காரின் முதல் கியரோ நீளமானது. அதே பட்டன், வேறு கியர், வேறு எடை, ஆகவே வேறு விளைவு. பிளைவீல் என்றதும் அடுத்த ஆசை நினைவுக்கு வருகிறது: கிளட்ச் மாற்றும்போதே எடை குறைந்த பிளைவீலையும் போட்டுவிடலாம் என்பது. என்ஜின் சுழற்சி சட்டென்று ஏறும் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சூட்டுக்கு அதுவே தொட்டி. 8 கிலோ இரும்பு ஏற்கும் சூட்டை 4 கிலோ இரும்பில் கொட்டினால் வெப்பநிலை இரண்டு மடங்கு ஏறும். ஐடிலில் கிளப்புவதும் கடினமாகும். தடத்துக்கு நல்லது, வரிசைக்கு ஆகாது.

பலமானதைப் போட்டால் எப்போதும் பத்திரம் என்பது இன்னொரு நம்பிக்கை. இது எனக்குத் தவறாகவே படுகிறது. வழுக்கும் கிளட்ச், ஒருவகையில், காரின் பலவீனமான இணைப்பாக இருந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. தவறான கியரில் பெடலை டக்கென்று விட்டுவிட்டால், ஆர்கானிக் லைனிங் ஒரு கணம் வழுக்கி அதிர்ச்சியை விழுங்கும். வழுக்கவே மறுக்கும் கிளட்ச் அந்த அடியை அப்படியே கியர்பாக்சின் பற்களுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் அனுப்பும். அங்கே உடைந்தால் செலவு பல மடங்கு. பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தையும் கண்டபடி கூட்டக் கூடாது: ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் அந்தப் பலம் ரிலீஸ் பேரிங் வழியாகக் கிராங்க் ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அதன் பக்கவாட்டு பேரிங் தேயும். ஓட்டுநரின் இடது முழங்காலும்தான். 20 சதவீதம் வரை கூட்டுவது நியாயம். 60, 70 என்று போக வேண்டியிருந்தால் வேறு வழி தேட வேண்டும். அந்த வழி இரட்டைப் பிளேட். நம் கணக்கில் முகங்கள் 2-க்குப் பதில் 4 ஆகும். லைனிங்கையும் அழுத்தத்தையும் தொடாமலே தாங்குதிறன் இரட்டிக்கும். விலை அதிகம், பெடலை மிதித்திருக்கும்போது சிலவற்றில் தட்டுகள் கலகலக்கும். ஆனால் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய காரைச் சாலையிலும் ஓட்ட நினைப்பவருக்கு நான் சொல்வது அதைத்தான், ஒற்றைப் பட்டன் பிளேட்டை அல்ல. குணகத்தைக் கூட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். சந்தையில் அது முதல் வழியாக இருப்பதற்குக் காரணம், அதுதான் மலிவு.

ஆட்டோமேட்டிக் வந்துவிட்ட பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்சுக்குள்ளும் இதே உராய்வுதான் நடக்கிறது. வரிசையில் ஊரும்போது கணினி ஆஃப் கிளட்ச் பிடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணெயில் நனையாத உலர் வகைப் பெட்டிகள் நெரிசலில் சூடேறி எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். கடைசியாக, ஒரே காரை வாரத்தில் ஆறு நாள் சாலையிலும் ஏழாம் நாள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓட்டுகிறவரின் கேள்வி. இதுதான் உண்மையில் கடினமானது, இரண்டுக்கும் பொருந்தும் கிளட்ச் எதுவும் முழுமையாக இல்லை. ஆனால் அவர் தடத்தில் ஓட்டும் நேரத்தில் கிளட்ச் பெரும்பாலும் இறுகியே இருக்கும் என்பதை மறுபடி நினைத்துக்கொண்டால் முடிவு எளிதாகும்: கையிருப்பு 25, 30 சதவீதம் உள்ள ஆர்கானிக் பிளேட், பலம் கூட்டிய பிரஷர் பிளேட், கம்பெனி எடையிலேயே பிளைவீல். கிளம்புவதில் பந்தயக்காரரிடம் அரை நொடி தோற்கலாம். அந்த அரை நொடிக்காக மட்டும் வாங்குகிற கிளட்ச், மற்ற ஆறு நாளும் சாத்தூர் முக்கில் அவரைக் குலுக்கிக்கொண்டே இருக்கும்.

எதை வாங்கினாலும் முதல் 800 கிலோமீட்டருக்கு அதை முறுக்கக் கூடாது. புது லைனிங்கும் புதிதாய்க் கடைந்த பிளைவீலும் நுண்ணிய மேடு பள்ளங்களில்தான் முதலில் தொட்டுக்கொள்கின்றன. மிதமான சூட்டில் பலமுறை சேர்ந்து விலகினால்தான் முகம் முழுக்கப் படியும். படிவதற்கு முன் முறுக்கினால் மேடுகள் மட்டும் வெந்து கண்ணாடி போல வழவழப்பாகி, பிறகு எந்த அழுத்தத்துக்கும் சரியாகப் பிடிக்காது. கெவ்லார் லைனிங்குக்கு இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும், ஒருமுறை வழவழத்துவிட்டால் அது திரும்பாது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிச் சேர்க்கும் கிலோமீட்டர் இதில் கணக்கில்லை, அங்கே கிளட்ச் உரசுவதே இல்லை. நின்று கிளம்பி, நின்று கிளம்பிப் போகிற பாதை வேண்டும். மதுரையிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போய்வர 180 கிலோமீட்டருக்கு அருகில். நான்கைந்து முறை, நான்கு வழிச்சாலையை விட்டுவிட்டு ஊர்களுக்குள் புகுந்து, வேன்களுக்குப் பின்னால் இடைவெளி விட்டு, ஆடுகளுக்கு நின்று போய்வந்தால் லைனிங் முழு முகமும் படிந்திருக்கும்.